விக்டோரியா ஹாலுக்கு யார் பெயர்?

கேள்வி: சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில் உள்ள விக்டோரியா பப்ளிக் ஹாலைக் கோடிக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்திருக்கிறார்கள். இன்னும் எதற்கு வெள்ளைக்கார ராணியின் பெயர்? அங்கே நாடகம் வளர்த்த பம்மல் சம்பந்த முதலியாரின் பெயரை வைப்பதுதானே தமிழ்க் கலைக்கு மரியாதை?
- பெரம்பூர் வாசகர் ஒருவர்

பதில்: தாராளமாக வைக்கலாம். வைத்த மறுநாளும் ஆட்டோக்காரர் ‘வி.பி. ஹாலா சார்?’ என்றுதான் கேட்பார்.

ராணிக்கும் அந்தக் கட்டடத்துக்கும் பெரிய ஒட்டுறவு கிடையாது. 1883 டிசம்பரில் ஆந்திரப் பக்கத்து விஜயநகரம் சமஸ்தானத்து மகாராஜா ஆனந்த கஜபதி அடிக்கல் நாட்டியபோது அது வெறும் டவுன் ஹால். ஜமீன்தார்களும் பட்டணத்துப் பெரிய மனிதர்களும் பணம் போட்டார்கள். கட்டட வரைபடம் போட்டவர் சிஷோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். 1887இல் ராணியின் பொன்விழா வந்தது, பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. அந்த அம்மாள் இந்தியாவுக்கே வந்ததில்லை!

சரி, பம்மலுக்கு வருவோம். தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்தவர் அவர். பெல்லாரியிலிருந்து கிருஷ்ணமாசார்லுவின் குழு சென்னைக்கு வந்து போட்ட தெலுங்கு நாடகங்களைப் பார்த்துத்தான் மனம் மாறினார். 1891இல் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். 1902 முதல் 1936 வரை சபைக்கு இந்த மண்டபம்தான் வீடு. சபையில் வக்கீல்கள் பகலில் கோர்ட்டில் வாதாடிவிட்டு மாலையில் வேஷம் கட்டினார்கள். பம்மல் கதாநாயகன் என்றால் வக்கீல் ரங்கவடிவேலு கதாநாயகி. ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கி மேடையேற்றினார்கள். விடியவிடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார்கள். பெரிய காரியம், மறுக்கவில்லை.

ஆனால் சபைக்காரர்கள் நடிப்பைத் தொழிலாகச் செய்யாத கனவான்கள். நடிப்பையே பிழைப்பாக வைத்திருந்தவர்களுக்கு அன்று ஊர் வைத்திருந்த பெயர் கூத்தாடி. அவர்களுடைய கம்பெனி நாடகங்கள் ஓடிய ஒற்றைவாடைக் கொட்டகை தூரத்தில் இல்லை, சென்ட்ரலுக்கு அந்தப் பக்கம் வால்டாக்ஸ் சாலையில்தான் இருந்தது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டைப் பாடிப் பாடித் தொண்டை கட்டிய பையன்கள்தான் அப்புறம் தமிழ் சினிமாவையே நடத்தினார்கள். செங்கல் கட்டடத்தைப் புதுப்பிக்கலாம், கொட்டகைக்கு என்ன செய்வது? வி.பி. ஹாலை மட்டும் வைத்துத் தமிழ் நாடக வரலாறு எழுதினால் அது வக்கீல்கள் எழுதிய வரலாறாகத்தான் இருக்கும்.

பெயர் மாற்றம் என்று ஆரம்பித்தால் வரிசையில் நிற்க ஆள் நிறைய உண்டு. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் இங்கே பேசினார், அவர் பக்தர்கள் சும்மா இருப்பார்களா? நீதிக்கட்சிக்கு வித்திட்ட 1916 நவம்பர் கூட்டம் இங்கேதான் நடந்தது என்பவர்கள் வருவார்கள். இல்லை, வேப்பேரியில் எத்திராஜ முதலியார் வீட்டில் என்று மறுப்பவர்களும் கூடவே வருவார்கள். சென்னைக்காரர்கள் முதன்முதலாகச் சலனப்படம் பார்த்தது இங்கேதான் என்று சினிமாக்காரர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்படக் கூடாது. மாநகராட்சி நிலத்தை 99 வருடக் குத்தகைக்கு வாங்கிக் கட்டிய மண்டபம் இது. 1985இல் குத்தகை முடிந்தது. மண்டபத்தை நிர்வகித்த டிரஸ்டுக்கும் மாநகராட்சிக்கும் வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. மைதானத்தில் ஓட்டலும் கடைகளும் முளைத்தன. அப்புறம் மெட்ரோ ரயிலுக்குப் பக்கத்திலேயே பள்ளம் தோண்டினார்கள். திருவாங்கூர் பாணித் தொப்பி போட்ட அந்தக் கோபுரத்தை சென்ட்ரலில் இறங்கிய லட்சக்கணக்கானவர்கள் தினமும் பார்த்துக்கொண்டே போனார்கள். உள்ளே கிழக்குப் பக்கத்து மர கேலரி என்ன கதியில் இருக்கிறது என்று அப்போது எனக்கு ஒரு கடிதம் வரவில்லை. பெயின்ட் அடித்துப் பளபளவென்று ஆனதும் பெயர்ப்பலகைக்கு மட்டும் சண்டை!

பலகை எப்படியோ இருக்கட்டும். உள்ளே சுவரில் பம்மலோடு ரங்கவடிவேலுவும் இருக்க வேண்டும், பெல்லாரிக்காரரும் இருக்க வேண்டும், வால்டாக்ஸ் சாலைக்காரர்களும் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், மேடையில் நாடகம் நடக்க வேண்டும். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் ஒரு சின்ன நாடகக் குழுவுக்கு ஒரு மாலைக்கு மண்டபம் கிடைக்குமா, வாடகை எவ்வளவு என்று விசாரித்து எழுதுங்கள். முதல் பக்கத்தில் போடுகிறேன்.