ரயில் டிக்கெட் உறுதி என்கிறாரா ஏஜெண்ட்?

கேள்வி: 2027 பிப்ரவரி 6 அன்று வரும் சீனப் புத்தாண்டைப் பார்க்க நானும் கணவரும் கிளம்புகிறோம். ஏழு நாட்களில் பெய்ஜிங், சியான், ஷாங்காய். ரயில் டிக்கெட் உறுதியாகிவிட்டது, சீனக் குடும்பத்துடன் புத்தாண்டு விருந்தும் உண்டு என்று சொல்லி ஏஜெண்ட் இப்போதே முழுப் பணமும் கேட்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பியும் வருகிறான். அவனுக்கு விசா தேவையில்லையாமே? (வாசகி, திருப்பூர்)

பதில்: பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள், அம்மா. சீன ரயில்வே பயணத் தேதிக்கு 15 நாட்கள் முன்புதான் டிக்கெட் விற்கத் தொடங்குகிறது. பெய்ஜிங்வாசியிடமே இன்று இல்லாத டிக்கெட் உங்கள் ஏஜெண்டிடம் எப்படி வந்தது? அவரிடம் இருப்பது, விற்பனை தொடங்கியதும் முயன்று பார்ப்போம் என்ற கோரிக்கை மட்டுமே. அதையே உறுதி என்று விற்கிறார்கள். டிக்கெட் உங்கள் பாஸ்போர்ட் எண்ணில் பதிவாகும். நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் உள்ளே போவீர்கள். 12306 என்ற ரயில்வே தளத்தில் ஆங்கிலப் பக்கம் இருக்கிறது. நீங்களே பதிவு செய்யலாம். பாஸ்போர்ட் சரிபார்ப்பை மட்டும் முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

விசாவுக்கு முழுப் பயணத் திட்டத்தையும் முன்பே காட்டச் சொல்கிறார்கள். ரயிலுக்கோ 15 நாள் கணக்கு. போதாக்குறைக்குச் சென்னையில் ஒரு சீனத் துணைத் தூதரகம்கூடக் கிடையாது. இந்தக் குழப்பம்தான் இடைத்தரகர்களுக்குச் சோறு போடுகிறது.

தம்பி விஷயம். விசா விலக்கு சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்குத்தான், அதுவும் 30 நாட்களுக்கு. நிரந்தரவாசி அட்டை வைத்துக்கொண்டு இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணிப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. எத்தனை வருடம் அங்கே வேலை பார்த்திருந்தாலும், மனைவி சிங்கப்பூர்க் குடிமகளாகவே இருந்தாலும், பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதுதான் கேள்வி. வேறொரு நாட்டுக்குப் போகும் வழியில் விசா இல்லாமல் சீனாவில் தங்க அனுமதிக்கும் 240 மணி நேர இடைத்தங்கல் விலக்கைச் சிலர் காட்டுவார்கள். அந்தப் பட்டியலிலும் இந்தியா இல்லை. தம்பியிடம் நிரந்தரவாசி அட்டையைக் கேட்காதீர்கள், பாஸ்போர்ட்டின் மேலுறையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஏழு நாளில் மூன்று நகரம் வேண்டாம். விழாவையொட்டிய 40 நாட்களில் நாடே சொந்த ஊருக்கும் வேலை இடத்துக்குமாக அலைகிறது. ஒரே ஊரில் தங்குங்கள். புத்தாண்டுக்கு முந்தைய இரவு சீனர்கள் வீட்டோடு கூடிச் சாப்பிடும் இரவு. அந்நியர் கூட்டத்தை ஏற்றிக்கொள்ளும் வீடு அரிது. உங்கள் ஏஜெண்ட் சொல்லும் குடும்ப விருந்து, பெரும்பாலும் ஏதாவதொரு உணவகத்தில் மேடை நிகழ்ச்சியோடு முடியும். சிறு கடைகள் பல நாட்கள் மூடியிருக்கும். பெய்ஜிங்தான் என்றால் தீத்தான் பூங்காவின் கோயில் சந்தைக்குப் போங்கள். விழாவின் உயிர்ப்பைப் பார்க்க, என் தேர்வு குவாங்தோங் மாகாணத்துச் சாந்தோ, சாவ்சோ பக்கம். முகத்தில் வண்ணம் தீட்டி, இரண்டு கையிலும் குறுந்தடி பிடித்து, முரசுக்கு ஏற்ப ஆடும் யிங்கே நடனம் சீன நாட்காட்டியின் முதல் மாதத்தில் கிராமம் கிராமமாக வெவ்வேறு நாளில் நடக்கும். பிப்ரவரி 20 விளக்குத் திருவிழா. அதையொட்டிய வாரத்துக்குப் பயணத்தைத் தள்ளினால் நெருக்கடியும் கொஞ்சம் குறையும்.

அலிபே என்ற சீனப் பணச் செயலியில் உங்கள் கிரெடிட் கார்டை இங்கேயே இணைத்துவிடுங்கள். சைவம் என்றால் புத்த மடாலயங்களை ஒட்டிய உணவகங்களைத் தேடுங்கள். தெருவில் ஆங்கிலம் பேசிச் சிநேகமாகி, தேநீர்ச் சடங்கு பார்க்கலாம் வாருங்கள் என்று அழைக்கும் இளைஞர்களோடு போகாதீர்கள். பில் ஆயிரக்கணக்கான யுவானில் வரும்.

ஏஜெண்டே வேண்டும் என்றால், ரத்துசெய்யும் நிபந்தனைகளை எழுத்தில் வாங்கிக்கொண்டு ஹோட்டலுக்கு மட்டும் முன்பணம் கொடுங்கள். ரயில் பணத்தை, உங்கள் பாஸ்போர்ட் எண்ணில் டிக்கெட் பதிவானதைப் பார்த்த பிறகு கொடுக்கலாம்.