நேர்காணல் முடிந்து இருபது நாள்: நேரில் போய்க் கேட்கலாமா?

கேள்வி: பெருந்துறையில் வசிக்கிறேன். வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு கன்சல்டன்சி மூலம் திருப்பூர் பனியன் ஏற்றுமதி நிறுவனமொன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலைக்கு இரண்டு சுற்று நேர்காணல் முடித்தேன். மூன்று நாளில் சொல்வதாகச் சொன்னார்கள். இருபது நாள் ஆகிவிட்டது. கன்சல்டன்சிக்காரர் போனை எடுப்பதில்லை. நேரில் போகலாமா? இப்போதைய வேலையை விட்டுவிடலாமா?

பதில்: வேலையை விடாதீர்கள், தம்பி. நேரிலும் போக வேண்டாம். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு நான்கு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள்: பெயர், பதவி, நேர்காணல் தேதி, முடிவு என்ன. ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு போன். பிறகு அடுத்த இடத்துக்கு விண்ணப்பியுங்கள்.

கன்சல்டன்சிக்கு நிறுவனம் பெரும்பாலும் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் தருகிறது. அதுவும் ஆள் வேலையில் சேர்ந்த பிறகுதான். தேர்வாகாதவரிடம் பேசினால் கன்சல்டன்சிக்காரருக்குக் காசு வராது. திருப்பூரில் பையரின் (துணி வாங்கும் நிறுவனத்தின்) ஆர்டர் தள்ளிப்போனால் ஆள் எடுப்பதும் நின்றுவிடும். அதை உங்களுக்குத் தெரிவிக்கும்படி எந்தச் சட்டமும் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. சம்பளச் சீட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அன்றைக்கே வேண்டும் என்று வாங்கிக்கொள்கிறவர்களுக்கு, லீவு போட்டுப் பஸ் ஏறி வந்தவனிடம் "இல்லை" என்று ஒரு வரி சொல்ல முடியவில்லை. இருபது வருடமாக இதைப் பார்த்துப் பொறுமை இழந்துவிட்டேன்.

மௌனத்தைவிட, அதன் பிறகு வரும் அழைப்புக்குத்தான் பயப்பட வேண்டும். "ஃபைல் மேலே போய்விட்டது, ஐயாயிரம் கட்டினால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கைக்கு வந்துவிடும்" என்பார்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆன்லைனில் கட்டி ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

அசல் சான்றிதழையும் கொடுக்காதீர்கள். சென்ற ஆண்டு ஒரு பெண் என்னிடம் ஃபைலைப் பிரித்துக் காட்டினார். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் இருக்க வேண்டிய உறை காலி. காந்திபுரத்தில் ஒரு மாடி அலுவலகத்துக்கு அவருடன் போனேன். மேசை இழுப்பறையில் ரப்பர் பேண்ட் போட்ட கட்டு, முப்பது பேருடைய சான்றிதழ்கள். நடுவிலிருந்து உருவிய அவருடையதன் மூலையில் டீக்கறை. போலீஸில் புகார் கொடுப்போம் என்ற பிறகே கொடுத்தார்கள்.

ஒன்று மட்டும் வேறு கணக்கு. கையொப்பமிட்ட நியமனக் கடிதம் வந்த பிறகு நிறுவனம் மௌனம் காத்தால் சும்மா இருக்கக் கூடாது. கடிதம் என்றால் பதவி, சம்பளம், சேரும் தேதி மூன்றும் எழுதியிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த "செலக்டட்" கடிதமாகாது. "சான்றிதழ் சரிபார்ப்புக்கு உட்பட்டது" என்ற வரி இருந்தால், அது முடியும்வரை ராஜினாமா செய்யாதீர்கள். அந்தக் கடிதத்தை நம்பி ஏற்கெனவே வேலையை விட்டிருந்தால், அந்த விவரத்தை நிறுவனத்துக்குப் ஸ்பீட் போஸ்ட்டில் எழுதிவிட்டு, நகலோடு வழக்கறிஞரைப் பாருங்கள். நஷ்டஈடு கேட்க முடியுமா என்பதைக் கடிதத்தின் வாசகத்தைப் பார்த்தே அவர் சொல்ல முடியும்.

உங்களிடம் அப்படிக் கடிதம் எதுவும் இல்லை, மின்னஞ்சல் போதும். ஆனால் உங்கள் அசல் சான்றிதழ் எதுவும் அந்தக் கன்சல்டன்சியில் இருந்தால், அதை வாங்கிவர மட்டும் நாளைக்கே நேரில் போங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.