‘நல்ல நிலை’ என்று விற்பவர் சொன்னால் பழைய 16 எம்எம் சினிமா ஃபிலிம் பிரதியை நம்பி வாங்கலாமா?

அந்த இரண்டு சொற்களை மட்டும் நம்பி வாங்காதீர்கள். நீங்கள் இன்னும் பணம் அனுப்பவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கீறலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். திரையில் கொஞ்சம் மழை பெய்தால் என்ன? ஃபிலிமின் அடித்தளப் பக்கத்தில், அதாவது வெறும் பிளாஸ்டிக் பக்கத்தில், விழுந்த கீறல் கருங்கோடாக ஓடும். வண்ணப் பிரதியில் பச்சைக் கோடு ஓடினால் படம் பதிந்த பூச்சான எமல்ஷனே உரிந்திருக்கிறது. அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இரண்டோடும் படம் பார்த்துவிடலாம். அடித்தளமான அசிடேட் பிளாஸ்டிக் சிதைந்து புளித்துவிட்டால்தான் ஆபத்து. அதிலிருந்து கிளம்பும் அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். பக்கத்து ரீல்களையும் கெடுக்கும்.

ஒருவர் ‘வாடையே இல்லை’ என்று எழுதிக்கொடுத்து ஒரு கறுப்பு வெள்ளைப் பிரதியை அனுப்பினார். டப்பாவைத் திறந்ததும் கற்பூர மணம். கற்பூரம் போடுவது பழைய சேகரிப்பாளர்களின் வழக்கம்தான், எனக்கும் தெரியும், யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அதை எடுத்துவிட்டு ஓர் இரவு மூடிவைத்துத் திறந்தேன்: சுள்ளென்ற வினிகர் வாடை. பிறகு புதிய ஃபிலிம் ஒன்றைப் பக்கத்தில் நீட்டி, துளைக்குத் துளை பொருத்தி 100 ஃபிரேம் எண்ணினேன். முடிவில் ஏறக்குறைய ஒரு ஃபிரேம் குறைந்தது. அதாவது 1 சதவீதச் சுருக்கம். அந்த அளவில், ஃபிலிமை இழுக்கும் புரொஜெக்டரின் நகம் துளையில் சரியாக விழாமல் ஓரத்தைக் கிழித்துவிடும். படமெடுத்து அனுப்பினேன். “உங்கள் புது ஃபிலிம் நீண்டிருக்கலாம்” என்று பதில் வந்தது! வாதாடித்தான் பணத்தை மீட்டேன். அதே பிரதி அதே வாசகத்தோடு மறுபடி விற்பனைக்கு வந்தது. நான் ஆய்வகத்து ஆள் அல்ல. இதற்கு மூக்கும் பொறுமையும் போதும்.

அடித்தளம் அசிடேட்டாக இல்லாமல் பாலியெஸ்டர் என்றால் இந்தக் கவலை இல்லை. சுற்றிய ரீலை விளக்குக்கு எதிரே பக்கவாட்டில் பிடித்தால் ஒளி ஊடுருவித் தெரியும், அசிடேட் இருண்டிருக்கும். 1980களுக்கு முந்தைய ஈஸ்ட்மன்கலர் (கோடாக்கின் வண்ண ஃபிலிம்) பிரதி என்றால் பெரும்பாலும் மற்ற நிறங்கள் மங்கிச் சிவந்திருக்கும். வானமோ புல்வெளியோ உள்ள ஃபிரேமைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

நீளத்தையும் கேளுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் ஓட்டத்தில் நிமிடத்துக்கு 36 அடி. 90 நிமிடப் படம் 3,240 அடி இருக்க வேண்டும். ஒட்டுப்போட்ட இடங்களில் ஓரிரு அடி குறைவது சகஜம். அதற்கு மேல் குறைந்தால் யாரோ கத்தரி போட்டிருக்கிறார்கள். நாயகியின் முகம் உள்ள ஃபிரேம்களை வெட்டிச் சாவிக்கொத்தில் மாட்டி விற்கிற கூட்டம் ஒன்று இருக்கிறதே, அவர்களைச் சொல்கிறேன். ஓடக்கூடிய பிரதியைத் துண்டு துண்டாக்கிவிட்டு, விளம்பரத்தில் ‘சினிமாவைப் பாதுகாப்போம்’ என்று வேறு எழுதுகிறார்கள்.