தண்ணீருக்குள் சட்டையோடு

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 34. இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களுக்கு எழுதுகிறேன். சின்ன வயதிலிருந்தே நான் ஒல்லி. பள்ளியில் ‘நரம்பு’ என்று கூப்பிட்டார்கள். கல்லூரிக்கும் அந்தப் பெயர் கூடவே வந்தது. கூப்பிடும்போதெல்லாம் நானும் சேர்ந்து சிரிப்பேன். கொஞ்சம் உடம்பு இருப்பதுபோல் தெரியட்டும் என்று இன்றைக்கும் சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டுக்கொண்டுதான் வெளியே போகிறேன். என்னிடம் அரைக்கைச் சட்டை ஒன்றுகூட இல்லை. குரூப் போட்டோ என்றால் பின்வரிசைதான்.

ஒரு வருடமாக ஜிம்முக்குப் போகிறேன். ஏழு கிலோ ஏறியிருக்கிறது. ஆனால் கண்ணாடியில் அதே நரம்புதான் நிற்கிறான். ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்க்கிறேன் என்று கணக்கே இல்லை. கூடப் பயிற்சி செய்யும் ஒருவர், ‘ஊசி போட்டுக்கோ, மூணு மாசத்துல ஆளே மாறிடுவ’ என்கிறார்.

போன மாதம் ஐந்து வயது மகனை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போனேன். சட்டையோடு இறங்கினேன். ‘எல்லாரும் சட்டையக் கழட்டிட்டாங்க, நீ மட்டும் ஏம்ப்பா கழட்டல?’ என்று கேட்டான். அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. ஓர் ஆண் இதற்கெல்லாம் வருத்தப்படுவதே அசிங்கமாக இருக்கிறது. மனைவிக்கும் தெரியாது. ஊசி போட்டுக்கொள்ளலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த ஊசி. வேண்டாம். உங்கள் கடிதத்தில் எனக்கு அவசரமாகப் பட்டது இதுதான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜிம்களில் இப்படிக் கைமாறும் ஊசி பெரும்பாலும் அனபாலிக் ஸ்டீராய்டு, அதாவது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அல்லது அதன் செயற்கை வடிவம். தசை வளரும், அது உண்மைதான். ஆனால் வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டே இருந்தால், ‘இனி நீ சுரக்க வேண்டாம்’ என்று மூளை விரைகளுக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துவிடும். விரைகள் சுருங்கும், விந்தணு குறையும். கெட்ட கொழுப்பு ஏறி நல்ல கொழுப்பு இறங்கும், இதயத் தசை தடிக்கும். மிஞ்சிய ஹார்மோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறுவதால் சிலருக்கு மார்பு வீங்கிவிடும். நிறுத்தினால் உடம்பு பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள் ஆகலாம். அந்த மாதங்களில் வருகிற சோர்வையும் மனச்சோர்வையும் தாங்க முடியாமல் மறுபடி ஊசியை எடுத்தவர்கள் நிறையப் பேர். உங்களிடம் மூன்று மாதக் கணக்குச் சொன்னவர் இதில் எதையாவது சொன்னாரா?

சரி, இனி கண்ணாடிக்கு வருவோம். ஏழு கிலோ ஏறியும் அதே நரம்பு தெரிகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். 1993-இல் ஹாரிசன் போப் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் உடற்கட்டு வீரர்கள் 108 பேரைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்த 108 பேரில் 9 பேர் வாட்டசாட்டமான ஆட்கள். ஆனால் தாங்கள் நோஞ்சான்களாக இருப்பதாகவே உறுதியாக நம்பினார்கள். கடற்கரைக்குக் கூப்பிட்டால் போக மாட்டார்கள். யாரும் தங்களைச் சின்ன ஆள் என்று நினைத்துவிடக் கூடாதென்று கொளுத்தும் கோடையிலும் தடித்த மேலாடை போட்டுக்கொண்டு அலைந்தார்கள். உங்கள் இரண்டு பனியனைப் பற்றிப் படித்ததும் எனக்கு அவர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். நீங்கள் அவமானம் என்று ஒளித்துவைத்திருப்பதை 30 வருடங்களுக்கு முன்பே மருத்துவர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். அதற்கு ‘மசில் டிஸ்மார்ஃபியா’ என்று பெயரும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேட்டில் 2013-இல் அது இடம்பெற்றது.

உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு அப்படிச் சொல்வது தவறு. ஆனால் ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இந்த நினைப்பிலேயே போகிறதா? இதனால் போக வேண்டிய இடங்களுக்குப் போகாமல் இருக்கிறீர்களா? ஆம் என்றால் மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். தூக்கம் கெட்டிருப்பதையும் சொல்லுங்கள். கண்ணாடி பார்ப்பதைப் படிப்படியாகக் குறைக்கவும், தவிர்த்து வந்த இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகவும் பழக்கும் முறையான சிகிச்சை இருக்கிறது. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. நிறையப் பேருக்குப் பலன் கிடைத்திருக்கிறது.

இதை எழுதும் நானும் 13 வயதில் தொடங்கி இரண்டு வருடம் கூனிக்கொண்டே நடந்தவன். உங்களுக்கு நேர்மாறாக நான் குண்டு. அதோடு மார்பும் கொஞ்சம் வீங்கியிருந்தது. பருவ வயதில் ஏராளமான பையன்களுக்கு அப்படி ஆகும், பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாக வடிந்துவிடும் என்று அப்போது எனக்குச் சொல்ல ஆளில்லை. புத்தகப் பையை முதுகில் மாட்டாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவேன். ஒருநாள் விளையாட்டு வகுப்பில் இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணியைச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். நான் அந்த அணியில் இருந்தேன். முதல் பொத்தானைக் கழற்றிவிட்டு இரண்டாவது பொத்தானைப் பிடித்தபடி நின்றது இன்றைக்கும் விரல் நுனியில் இருக்கிறது. பாதி உடைந்த வெள்ளைப் பொத்தான் அது. ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் ‘நானும் சேர்ந்து சிரிப்பேன்’ என்ற இடத்தைத் தாண்டிப் போக எனக்கு ரொம்ப நேரம் ஆனது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அழுதால் இன்னும் கேலி செய்வார்கள், கோபப்பட்டால் ‘இதுக்குப் போய்க் கோவிச்சுக்கிறான்’ என்பார்கள். மிச்சம் இருப்பது சிரிப்பு ஒன்றுதான். நாம் சிரிப்பதைப் பார்த்து, இவனுக்கு வலிக்கவில்லை என்று அவர்களும் முடிவு செய்துவிடுகிறார்கள். ஆண்கள் ஒருவர் உடம்பைப் பற்றி இன்னொருவர் பேசுவதென்றால் பெரும்பாலும் இந்தக் கேலியில்தான் பேசுகிறார்கள். தொப்பை, வழுக்கை, குள்ளம், நரம்பு. முடி கொட்டுவதை எண்ணித் தூங்காதவனும் வழுக்கை ஜோக்குக்குச் சிரிக்கத்தான் செய்கிறான். இத்தனை பேரும் சிரித்துக்கொண்டே இருப்பதால், இது நமக்கு மட்டும்தான் வலிக்கிறது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நம்பிக்கொண்டிருக்கிறோம். வருத்தப்படுவதே அசிங்கம் என்று உங்களுக்குத் தோன்றுவது அங்கிருந்து வந்ததுதான். பத்து வயதுப் பையனைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டால் அவனுக்கு வலிக்கும். 34 வயது ஆனதும் அந்த வலி தானாகப் போய்விட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

மனைவிக்குத் தெரியாது என்கிறீர்கள். போப்பின் குழுவே 2000-ஆம் ஆண்டில் இன்னொன்றையும் வெளியிட்டது. ஆஸ்திரியா, பிரான்ஸ், அமெரிக்கா மூன்று நாட்டு மாணவர்களிடமும் ஆண் உடலின் படத்தைக் கணினியில் கொடுத்து, தசையைக் கூட்டிக் குறைத்துத் தங்களுக்குப் பிடித்த உடம்பைக் காட்டச் சொன்னார்கள். அவர்கள் காட்டியது தங்கள் உடம்பைவிடச் சராசரியாக 13 கிலோ தசை கூடின உடம்பு. பெண்களுக்குப் பிடிப்பது எது என்று கேட்டபோது அதற்கும் மேலே ஏற்றினார்கள். பெண்களிடமே கேட்டால், அவர்களுக்குப் பிடித்தது கூடுதல் தசை ஏதுமில்லாத சாதாரண ஆண் உடம்பு. அந்தக் கூடுதல் 13 கிலோவைப் பெண்கள் கேட்கவே இல்லை. உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று எந்த ஆய்வும் சொல்லாது, அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் அவருடைய பதிலையும் நீங்களே எழுதி வைத்துக்கொண்டிருக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். எனக்கு எழுதின இந்தக் கடிதத்தை அவரிடம் அப்படியே கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். சேர்ந்து வாழ்பவருக்குத் தெரியாமல் தினமும் இரண்டு பனியன் போடுவது லேசுப்பட்ட உழைப்பில்லை, ஆர். களைத்துப் போயிருப்பீர்கள்.

ஜிம்மை விட வேண்டாம். உடம்பை வருத்தி வேலை செய்வதில் ஒரு நிம்மதி இருக்கிறது. ஆனால் கணக்கைக் கண்ணாடியில் பார்க்காதீர்கள். போன மாதம் எத்தனை கிலோ தூக்கினீர்கள், இந்த மாதம் எத்தனை என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கைப்பேசியில் நெருக்கமாகப் பிடித்து எடுக்கும் படங்களையும் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் விழும், அதைப் பார்த்து உடம்பை எடைபோட முடியாது. அப்புறம், ‘நரம்பு’ என்று கூப்பிடும் பழைய நண்பர்களில் உங்களுக்கு ரொம்ப நெருக்கமானவர் ஒருவரிடம், ‘இனிமே அப்படிக் கூப்பிடாதடா, கஷ்டமா இருக்கு’ என்று ஒரே ஒரு முறை சொல்லிப் பாருங்கள். சிரிக்காமல் சொல்ல வேண்டும், அதுதான் கஷ்டம். நான் அப்படிச் சொன்னபோது எனக்கு 40 வயது தாண்டியிருந்தது. நண்பன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் உயரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். முப்பது வருடமாக அவனைக் ‘குள்ளா’ என்று கூப்பிட்டது நான்.

மகன் கேட்டதற்கு என்ன சொன்னீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றும் சொல்லாமல் பேச்சை மாற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பரவாயில்லை, அந்த வயதில் கேட்டதையே மறுபடி கேட்பார்கள். அடுத்த முறை குளத்துக்குப் போகும்போது சட்டையைக் கழற்றியே ஆக வேண்டும் என்று உங்களை நீங்களே நெருக்க வேண்டாம். முடிந்தால் கழற்றுங்கள், முடியாவிட்டால் சட்டையோடே இறங்குங்கள். அவன் கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள்: ‘அப்பாவுக்குக் கூச்சமா இருக்குடா.’ ஐந்து வயதுக்காரனுக்குக் கூச்சம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும்.

அன்புடன்.