பல்கேரியத் தீவில் கிடைத்தவை திருமுழுக்கு யோவானின் எலும்புகள்தானா?

இருக்கலாம், ஆனால் நிரூபிக்க வழியில்லை. எனக்கு நம்பிக்கை குறைவு.

விஷயம் தெரியாதவர்களுக்காக: திருமுழுக்கு யோவான் என்பவர் இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். கருங்கடலில் பல்கேரியாவின் சோசோபோல் நகருக்கு எதிரே ஸ்வெத்தி இவான் என்றொரு தீவு. அங்கிருந்த துறவு மடத்தை 17ஆம் நூற்றாண்டில், அப்போது ஆண்ட ஒட்டோமான் துருக்கியர்கள் இடித்துவிட்டார்கள், கடற்கொள்ளைக்காரர்கள் பதுங்குகிறார்கள் என்று. அந்த இடிபாடுகளில் 2010இல் தொல்லியலாளர் கசிமிர் பாப்கான்ஸ்டான்டினோவின் குழுவினர் தோண்டியபோது, பழைய தேவாலயத்தின் பலிபீடத்துக்கு அடியில் சின்னதாக ஒரு பளிங்குப் பேழை கிடைத்தது. உள்ளே ஒரு விரல் எலும்பு, ஒரு பல், மண்டையோட்டுத் துண்டு, விலா எலும்பு, முன்கை எலும்பு.

பேழை இருந்த இடத்தில் அதிசயம் ஒன்றும் இல்லை. புனிதர் ஒருவரின் திருப்பண்டத்தை, அதாவது அவருடைய எலும்பு போன்ற எச்சத்தை, பலிபீடத்துக்குக் கீழே வைத்துத் தேவாலயத்தை வழிபாட்டுக்குப் புனிதப்படுத்துவது பழைய வழக்கம். கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

சரி, யோவான் பெயர் எங்கிருந்து வந்தது? பளிங்குப் பேழையில் பெயரே இல்லை. சற்றுத் தள்ளி, எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான கல்லில் செய்த இன்னொரு குட்டிப் பெட்டி கிடைத்தது. அதில் கிரேக்க எழுத்து: தோமா என்ற அடியவர் கடவுளின் உதவியை வேண்டுகிறார், புனித யோவானைக் குறிப்பிடுகிறார், ஜூன் 24 என்ற நாளும் இருக்கிறது. அது யோவானின் பிறப்பு விழா நாள். தோமா இந்தப் பெட்டியில்தான் திருப்பண்டத்தைச் சுமந்து வந்திருப்பார் என்பது அகழ்ந்தவர்களின் ஊகம். மொத்த வாதமும் இந்தப் பெட்டியைத்தான் நம்பி நிற்கிறது.

அப்புறம் ஆய்வகம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விரல் எலும்பின் காலத்தைக் கார்பன் முறையில் கணித்தார்கள், கி.பி. முதல் நூற்றாண்டு என்று வந்தது. கோபன்ஹேகனில் செய்த டி.என்.ஏ. சோதனையில், சோதித்த மனித எலும்புகள் மூன்றும் ஒரே ஆளுடையவை, மத்திய கிழக்கில் அதிகம் காணப்படும் தாய்வழி மரபு என்றார்கள். 2012இல் இது வெளியானதும் பத்திரிகைகள் குதியாய்க் குதித்தன. சோதித்தவர்களோ, இவை யோவானுடையவை என்று இதனால் நிரூபணமாகவில்லை என்றுதான் சொன்னார்கள். முதல் நூற்றாண்டில் அந்தப் பக்கம் வாழ்ந்து செத்தவர் யோவான் ஒருவர்தானா என்ன? இறந்து பல நூற்றாண்டுகள் கழித்து, ஊருக்கு ஊர் திருப்பண்டத்துக்குத் தேவை பெருகிய காலத்தில், யாரோ ஒருவருடைய பழைய எலும்பு அவர் பெயரில் கைமாறியிருக்கலாம். யோவானின் தலை தங்களிடம் இருப்பதாக டமாஸ்கஸின் உமையா மசூதியிலும் சொல்கிறார்கள், பிரான்சின் அமியென் பேராலயத்திலும் சொல்கிறார்கள்.

என்னை உறுத்துவது வேறொன்று. அதே பேழைக்குள் ஆடு, மாடு, குதிரை ஆகியவற்றின் எலும்புகளும் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒன்று. மனித எலும்புகளைவிடச் சுமார் 400 ஆண்டு பழையவை. புனிதரின் எச்சம் என்று பொத்திப் பொத்திக் கொண்டுவந்த பொருளோடு குதிரை எலும்புக்கு என்ன வேலை? எண்ணிக்கை கூட்டிக் காட்ட யாரோ சேர்த்திருப்பார்கள் என்பது என் சந்தேகம். இதற்கு நல்ல விளக்கம் எதையும் நான் இதுவரை படித்ததில்லை.