லவ் அண்ட் மான்ஸ்டர்ஸ் – கடிதம்

அன்புள்ள சார்,

பிபிசியின் டாக்டர் ஹூ தொடர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, 2005-ல் புதிதாகத் தொடங்கிய சீசனிலிருந்து வீட்டில் எல்லோருமாகப் பார்த்து வருகிறோம். நான், மனைவி, ஐந்தாவது படிக்கும் மகள், லீவுக்கு வந்திருக்கும் மச்சான். இரண்டாவது சீசனில் ‘லவ் அண்ட் மான்ஸ்டர்ஸ்’ வந்ததும் மச்சான், “இது படு மொக்கை, நெட்டில் எல்லோரும் காறித் துப்பியிருக்கிறார்கள், தாண்டிப் போயிடலாம்” என்றான். மகள் விடவில்லை. பார்த்தோம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், மனைவி நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மச்சான் போனை விட்டுத் தலையையே தூக்கவில்லை. எனக்குப் பாதி வரை பிடித்திருந்தது, அப்புறம் வேறு ஏதோ சீரியலுக்கு மாறிவிட்ட மாதிரி இருந்தது. காலத்திலும் விண்வெளியிலும் சுற்றும் நாயகன் டாக்டரே இல்லாமல் ஒரு டாக்டர் ஹூ எதற்கு? சிலர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், சிலர் திட்டித் தீர்க்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் உங்கள் மச்சானுக்கு ஒன்று. எல்லோரும் காறித் துப்பிய கதை டாக்டர் ஹூவில் வேறு இருக்கிறது. பழைய தொடரில் வந்த ‘தி ட்வின் டிலெம்மா’, 1984. டாக்டர் ஹூ மேகஸின் வாசகர்களிடம் 2009-லும் 2014-லும் வாக்கெடுப்பு நடத்தியது, இரண்டிலும் கடைசி இடம் அதற்குத்தான். வேடிக்கை என்னவென்றால், 2009-ல் முதலிடம் பிடித்த ‘தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரொசானி’ அதே 1984 மார்ச்சில், அதற்கு நேர் முந்தைய கதையாக ஒளிபரப்பானது. அந்த இரண்டைப் பற்றியும் ரசிகர்களுக்குள் பெரிய சண்டை கிடையாது. லவ் அண்ட் மான்ஸ்டர்ஸ் அப்படியில்லை. 2006 ஜூன் 17 அன்று ஒளிபரப்பானதிலிருந்து இன்றுவரை அது வழக்கு முடியாத கேஸ்.

டாக்டர் இல்லாததற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. 13 எபிசோடோடு ஒரு கிறிஸ்துமஸ் ஸ்பெஷலும் சேர்ந்துவிட்டது, நாள் போதவில்லை, அதனால் ஒரே சமயத்தில் இரண்டு எபிசோட் ஷூட்டிங் நடத்தினார்கள். டாக்டராக நடித்த டேவிட் டென்னன்ட்டும் அவரோடு சுற்றும் ரோஸாக நடித்த பில்லி பைப்பரும் வேறொன்றில் நடித்துக்கொண்டிருந்தார்கள், இதில் சில நிமிடம் மட்டும் தலைகாட்டினார்கள். அடுத்த வருடமும் இதே நெருக்கடிதான், அதிலிருந்து வந்தது ‘பிளிங்க்’. அதிலும் டாக்டர் கொஞ்ச நேரம்தான் வருகிறார், அதற்கு 2008-ல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதே கிடைத்தது, டாக்டர் எங்கே என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஆகவே அந்தப் புகாரை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

சண்டைக்கு உண்மையான காரணம் கதையிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். இது ரசிகர்களைப் பற்றிய கதை. எல்டன் என்ற இளைஞனும் இன்னும் நான்கு பேரும் டாக்டர் என்கிற மர்ம மனிதரைப் பற்றித் துப்புத் துலக்க ஒரு அடித்தள அறையில் கூடுகிறார்கள். முதலில் டாக்டர் பேச்சு மட்டும்தான். அப்புறம் சாப்பாடு சமைத்து வருகிறது, ஒருவர் தான் எழுதும் நாவலைப் படித்துக் காட்டுகிறார், ஒருத்தி, போதையில் சிக்கிக் காணாமல் போன மகளைத் தேடித்தான் லண்டன் வந்ததாக மெல்லச் சொல்கிறாள், கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து பாட்டுக் குழு ஒன்று ஆரம்பித்து மோசமாக வாசிக்கிறார்கள். டாக்டரைத் தேட வந்தவர்கள் டாக்டரையே மறந்து சந்தோஷமாக இருக்கிறார்கள். அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் இந்தத் தொடரின் மிக நல்ல பகுதிகளில் ஒன்று என்பேன், அதில் ராட்சசன் கிடையாது, விண்கலம் கிடையாது.

அங்கேதான் விக்டர் கென்னடி வந்து சேர்கிறார். நல்ல சூட், கையில் தடி, தோல் நோய் என்று சொல்லி யாருக்கும் கை கொடுக்க மாட்டார். வந்தவுடன் நாற்காலிகளை வரிசையாகப் போட வைத்து, ஆளுக்கொரு வேலை கொடுத்து, சாப்பாட்டையும் பாட்டையும் நிறுத்திவிடுகிறார். கூட்டம் முடிந்ததும் ‘நீ மட்டும் கொஞ்சம் இரு’ என்று ஒவ்வொருவராக நிறுத்திக்கொள்கிறார், அடுத்த வாரம் அந்த ஆள் இருப்பதில்லை. தொட்டவரையெல்லாம் உடம்புக்குள் உறிஞ்சிக்கொள்ளும் பச்சை ஜந்து அவர், விழுங்கப்பட்டவர்களின் முகங்கள் அவர் தோலில் பிதுங்கி நின்று பேசுகின்றன. ரசிகர் குழு எதிலாவது இருந்த எவருக்கும் இந்த ஆளைத் தெரியும். தேதி, பட்டியல், யார் உண்மையான ரசிகர் என்ற பரீட்சை, அவர் வந்த பிறகு யாருக்கும் அங்கே சிரிக்கத் தோன்றாது. எழுதிய ரஸ்ஸல் டி டேவிஸும் வெளியாள் இல்லை. தொடர் 1989-ல் நின்று 2005-ல் திரும்பும் வரை, நடுவே வந்த ஒரு டிவி படத்தைத் தவிர, ரசிகர்கள்தான் நாவல்களும் கதைகளுமாக அதை உயிரோடு வைத்திருந்தார்கள், அவரே 1996-ல் ஒரு நாவல் எழுதியவர். உள்ளே இருந்தவர் எழுதினால்தான் இவ்வளவு சரியாகக் குத்தும். குத்துப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் தங்களை அந்தப் பாட்டுக் குழுவில் பார்த்தார்கள், இன்னொரு பகுதியினர் ‘எங்களைக் கேலி செய்கிறான்’ என்று கொதித்தார்கள். உங்கள் மச்சானை எதில் சேர்ப்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை (அவரிடம் இதைக் காட்டாதீர்கள்).

உங்கள் மகள் ஏன் சிரித்தாள் என்பதற்கும் பதில் இருக்கிறது. அந்தப் பச்சை ஜந்துவைக் கற்பனை செய்தது 9 வயதுப் பையன். பிபிசியின் குழந்தைகள் நிகழ்ச்சியான ப்ளூ பீட்டரில் ராட்சசனை வரையும் போட்டி வைத்தார்கள், ஜெயித்த படம் இது. பையன் அதை டபுள் டெக்கர் பஸ் அளவுக்கு நினைத்து வைத்திருந்தானாம், டிவியில் வந்ததோ பீட்டர் கே என்ற நகைச்சுவை நடிகர் போட்டுக்கொண்ட ரப்பர் உடுப்பு. மாலையில் குடும்பத்தோடு பார்க்கும் தொடரில் குழந்தை வரைந்த ராட்சசனுக்கு இடமில்லை என்றால் வேறு எதில் இருக்கும்? ‘சீரியஸான சயின்ஸ் ஃபிக்‌ஷனைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று வளர்ந்த ஆண்கள் புலம்புவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வரும்.

ஆனால் நீங்கள் சொன்ன அந்த மாற்றம் உண்மைதான், அதை நான் மூடி மறைக்கப் போவதில்லை. வேஷம் கலைந்ததும் பீட்டர் கே முழுக் கோமாளித்தனத்தில் இறங்கிவிடுகிறார். அதுவரை நாம் நேசித்த நான்கு பேர் அந்தத் தோலில் செத்துக்கொண்டிருக்கிறார்கள், ஒரு முகம் எக்கச்சக்கமான இடத்தில் இருப்பதை வைத்து ஜோக் ஓடுகிறது. மகளைத் தேடி வந்த அந்த அம்மாவின் முடிவு இரண்டு வசனத்தில் கடந்துபோகிறது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது பார்ப்பவரின் குற்றமில்லை. கடைசியில் எல்டனின் காதலி அர்சுலாவை நடைபாதைக் கல்லில் வெறும் முகமாக மட்டும் டாக்டர் காப்பாற்றித் தருகிறாரே, அதோடு ‘எங்களுக்குக் காதல் வாழ்க்கையும் இருக்கிறது’ என்கிற ரீதியில் எல்டன் வழிகிறானே, அதை என்னால் எப்படியும் ஆதரிக்க முடியாது. உடம்பை இழந்த ஒருத்தியின் கதி ஒரு இரட்டை அர்த்த வசனத்துக்குப் பயன்படுகிறது. ஐந்தாவது படிக்கும் பிள்ளை அதன் பொருளைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? என் பக்கம் எது என்று கேட்டீர்கள். அந்த ஒரு நிமிடத்தை வெட்டிவிட்டால் கொண்டாடுபவர்கள் பக்கம்.

உங்கள் மனைவி கண்ணைத் துடைத்தது ஜாக்கி வரும் இடத்திலாகத்தான் இருக்கும். ரோஸின் அம்மா. மகள் டாக்டரோடு ஊர் உலகமெல்லாம் சுற்றப் போய்விட்டாள், இவள் தனியாக ஃப்ளாட்டில் போனைப் பார்த்துக் கொண்டிருக்கிறாள். லாண்டரியில் பழகிய எல்டன் தன்மேல் உள்ள பிரியத்தில் வருகிறான் என்று நம்பியவள், அவன் கோட்டுப் பையில் மகளின் போட்டோவைப் பார்த்ததும் உடைந்து கத்துகிறாளே, சாகசம் செய்யப் போனவர்களைப் பற்றியே எப்போதும் பேசும் தொடர் விட்டுப்போனவர்களிடம் திரும்பி நின்று பேசும் அபூர்வமான இடம் அது. க்ளைமாக்ஸில் ரோஸ் வந்து இறங்கியதும் ராட்சசனைக் கவனிக்கவில்லை, எங்கம்மாவை அழ வைத்தது நீதானா என்று எல்டனைத்தான் பிடித்துக்கொள்கிறாள். மச்சான் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததில் இதையும் தவறவிட்டிருப்பார்.

அடுத்த எபிசோட் ‘ஃபியர் ஹெர்’, அதற்கும் ரசிகர்களிடம் நல்ல பெயர் இல்லை, அவசரமென்றால் அதை வேண்டுமானால் தாண்டுங்கள். அப்புறம் வரும் ‘ஆர்மி ஆஃப் கோஸ்ட்ஸ்’, ‘டூம்ஸ்டே’ இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது. அங்கே ஜாக்கிக்கு என்ன ஆகிறது என்பதை இங்கே சொல்ல மாட்டேன், ஆனால் அந்த லாண்டரிப் பெண்மணியைப் பார்த்த பிறகு அதைப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும். பார்த்துவிட்டு எழுதுங்கள், முக்கியமாக உங்கள் மனைவி என்ன சொன்னார் என்று.