வளவில் ஏறிய தண்ணீர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் பாட்டையா கட்டிய வீடு. பங்காளிகள் நான்கு பேருக்கும் பொது. விசேஷத்துக்குத்தான் திறப்போம், மற்ற நாளில் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். போன ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம் அரை மணி நேரம் ஊற்றிய மழையில் முற்றம் நிரம்பி, தண்ணீர் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரமான வளவின் தூணடிக்கு ஏறிவிட்டது. மறுநாள் பேப்பரில் எங்கள் பக்கம் 6 செ.மீ. என்றுதான் இருந்தது. 6 செ.மீ. மழைக்கா வீட்டுக்குள் தண்ணீர் வரும்? இத்தனை வருஷம் வராதது இப்போது வருவதற்குப் பருவநிலை மாற்றம்தான் காரணமா?

முற்றம் 12-க்கு 16 அடி, முக்கால் அடி பள்ளம். ஓட்டுச் சரிவுகளையும் சேர்த்தால் முற்றத்தில் வடியும் பரப்பு 30-க்கு 40 அடி. மூலையில் சல்லடை மூடி போட்ட குழி, அதிலிருந்து நாலு இஞ்ச் குழாய் தெருச் சாக்கடைக்குப் போகிறது. முற்றத்தை பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடிவிடலாம் என்கிறார் அண்ணன். ஆறு இஞ்ச் குழாய் பதித்தால் போதும் என்கிறார் கொத்தனார். யார் சொல்வதைக் கேட்பது?

தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அளவுகளை எழுதி அனுப்பியது நல்லதாயிற்று. பாதி விடை அதிலேயே இருக்கிறது.

பேப்பரில் வந்த 6 செ.மீ. சரியாகத்தான் இருக்கும். அது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை மழைமானி நிற்கும் இடத்தில் சேர்ந்த மொத்தம். எவ்வளவு நேரத்தில் சேர்ந்தது என்று அந்த எண் சொல்லாது. வானிலைத் துறை வகை பிரிப்பதும் நாள் கணக்கில்தான்: 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளும் இந்த வகைகளை ஒட்டியே வருகின்றன. உங்கள் 6 செ.மீ. கனமழைக் கணக்கிலேயே சேராது. முற்றத்துக்குத் தேவை மணிக் கணக்கு.

ஆயிரம் சதுர அடியில் ஒரு செ.மீ. மழை பெய்தால் 929 லிட்டர். உங்களுடையது 1,200 சதுர அடி. சரிவான ஓட்டின் நீளத்தை அளக்கக் கூடாது, தரையில் விழும் நிழலளவைத்தான் எடுக்க வேண்டும். நீங்கள் அப்படித்தான் எடுத்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த 6 செ.மீ.யில் 5 செ.மீ. அந்த அரை மணியில் விழுந்திருந்தால் முற்றத்துக்கு வந்தது சுமார் 5,570 லிட்டர், அதாவது விநாடிக்கு 3 லிட்டருக்குச் சற்று மேல். அதே 5 செ.மீ. நாள் முழுக்கத் தூறியிருந்தால் மணிக்கு 230 லிட்டர்தான், ஒரு தோட்டக் குழாயே இழுத்துவிடும்.

உங்கள் முற்றம் விளிம்பு வரை 4,075 லிட்டர் பிடிக்கும். அரை மணியில் அது நிரம்பித் தூணடிக்கு ஏறியது என்றால், அந்த நேரத்தில் வெளியே போனது 1,500 லிட்டர்தான், விநாடிக்கு ஒரு லிட்டர்கூட இல்லை. நூறடிக்கு ஓரடி வாட்டம் உள்ள சுத்தமான நாலு இஞ்ச் குழாய் விநாடிக்கு 6 லிட்டர் கொண்டுபோகும். ஆகவே குழாய் சின்னது என்பதல்ல உங்கள் சிக்கல். ஒன்று வாய், அதாவது முற்றத்துக் குழியும் குழாயும், அடைத்திருக்கிறது; அல்லது வால், அதாவது குழாய் தெருச் சாக்கடையில் சேரும் முனை, முழுகியிருக்கிறது.

முதலில் வாய். குழியில் துணிப்பந்து வைத்து அடைத்துவிட்டு, மோட்டார் போட்டு முற்றத்தில் மூன்று இஞ்ச் தண்ணீர் நிறுத்துங்கள். 1,360 லிட்டர் போதும். ஒரு குச்சியில் இஞ்ச் கோடு போட்டு நட்டு வைத்து, துணியை உருவியவுடன் கடிகாரத்தைப் பாருங்கள். மட்டம் மூன்றிலிருந்து இரண்டு இஞ்சுக்கு இறங்க ஒன்றரை, இரண்டு நிமிடம் ஆனால் வாயும் குழாயும் நலம். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் அடைப்பு. சல்லடை மூடியை எடுத்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். அப்போது வேகம் கூடினால் குற்றம் மூடியில்: தட்டையான மூடியில் நாலு வேப்பிலையும் ஒரு புறாச் சிறகும் படிந்தால் பாதி வாய் போய்விடும். கூடை போல மேலே குவிந்த சல்லடை மாட்டுங்கள். அடியில் சருகு சேர்ந்தாலும் மேல் துளைகள் இழுக்கும். மூடியை எடுத்தும் வேகம் கூடவில்லை என்றால் குழாய்க்குள் வண்டல். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. தினமும் வாசல் கழுவும் தண்ணீர் ஓடிய காலத்தில் வண்டல் தங்க இடமில்லை.

இந்தச் சோதனையை வெயில் நாளில் செய்து தேறிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வால் முழுகுவது மழையன்றுதான் தெரியும். தார் ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே வந்ததில் பல தெருக்களில் சாக்கடையின் அடிமட்டமே பழைய வீட்டு முற்றத்தை எட்டிவிட்டது. கொத்தனாரிடம் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய், இருக்கும். காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை முற்றத் தரையிலும் மறுமுனையைச் சாக்கடைக் கரையிலும் பிடிக்கச் சொல்லுங்கள். எழுத வேண்டிய எண்கள் மூன்று: முற்றத் தரை, சாக்கடையின் அடி, மழையன்று சாக்கடைச் சுவரில் தண்ணீர் நின்ற கறை. கறை முற்றத் தரைக்கு மேலே இருந்தால் ஆறு இஞ்ச் குழாய் பதிப்பது தெருவை வீட்டுக்குள் சீக்கிரம் அழைத்து வரும் வேலை. ஒருவழி வால்வு போடலாம். ஆனால் ஒரு தேங்காய் நார் சிக்கினால்கூட அது முழுதாக மூடாது, மாதம் ஒருமுறை திறந்து பார்க்க ஆள் வேண்டும். அது மூடியிருக்கும் நேரத்தில் முற்றத்துத் தண்ணீருக்கும் போக்கிடம் இல்லை.

அந்த நிலையில் தண்ணீரைத் தெருப்பக்கம் விடுவதை மறந்துவிட்டுப் பின்கட்டுக்குத் திருப்ப வேண்டும். கிணறு இருந்தால் நல்லது. கிணற்றுக்கு முன் ஒரு வடிகட்டித் தொட்டி: அடியில் 40 மி.மீ. ஜல்லி ஓரடி, அதன்மேல் 20 மி.மீ. ஜல்லி முக்கால் அடி, நைலான் வலை, அதற்கும் மேல் பருமணல் ஓரடி. பலரும் தவறுவது இங்கேதான். விநாடிக்கு 3 லிட்டர் மணல் வழியே இறங்காது. மணலுக்கு அரையடி மேலே, உள்ளே வரும் குழாய் அளவிலேயே ஒரு மிகைவழிக் குழாய் வைத்துத் தோட்டத்துக்கு விடாவிட்டால், வடிகட்டியே அணையாகி முற்றம் மறுபடி நிரம்பும். முதல் மழையில் 2 மி.மீ. அளவை, உங்கள் பரப்புக்கு சுமார் 220 லிட்டர், கிணற்றில் விடாமல் தள்ளிவிடுங்கள். நாட்டு ஓட்டுப் பாசியும் புறா எச்சமும் அதில்தான் வரும். முன்பு முற்றத்து மூலைகளில் கிடாரம் வைத்துப் பிடித்தவர்களும் ஓடு கழுவிய பிறகு வந்த தண்ணீரைத்தான் குடிக்க எடுத்தார்கள்.

கிணறு இல்லையென்றால் உறிஞ்சு குழி. உங்கள் பக்கம் செம்புறாங்கல் பூமி. ஒரு மனையில் சல்லடையாக இழுக்கும், அடுத்த மனையில் பாறையாக நிறுத்தும். ஓரடி அகலம், மூன்றடி ஆழம் தோண்டி, ஒருமுறை நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி ஒரு மணி நேரத்தில் எத்தனை இஞ்ச் இறங்குகிறது என்று பார்த்த பிறகு செலவு செய்யுங்கள். குழி அஸ்திவாரத்திலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும். சுண்ணாம்புச் சாந்துச் சுவர் கீழிருந்து ஈரம் உறிஞ்சும். (அப்படி ஓதம் ஏறிய இடத்தைச் சிமெண்ட் வைத்துப் பூசாதீர்கள், ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, அங்கே உப்புப் பூத்து, பழைய முட்டைச் சாந்தைப் பெயர்த்துவிடும்.)

அண்ணனின் யோசனைக்கு வருகிறேன். ஷீட்டை எங்கே போட்டாலும் அதில் விழும் மழை சுற்றியுள்ள ஓட்டுச் சரிவில்தான் விழும், அந்தச் சரிவு முற்றத்தைப் பார்த்துத்தான் இறங்குகிறது. உங்கள் 1,200 சதுர அடியில் ஒரு அடிகூடக் குறையாது. தூவானம் மட்டும் குறையும். ஷீட்டை ஓட்டோடு ஒட்டிப் பதித்தால் இன்னும் மோசம்: நாலு பக்கமும் தகரக் கால்வாய் வைத்தாக வேண்டும், அந்த மூட்டுகள் ஒழுகி ஓட்டைத் தாங்கும் ரீப்பரையும் கைமரத்தையும் உளுத்துப்போகச் செய்யும். சித்திரை, வைகாசியில் வளவின் சூடான காற்று மேலே போவது முற்றத்து வாய் வழியாகத்தான். அதையும் அடைத்துவிட்டு ஏசி வாங்க வேண்டியிருக்கும். குரங்குக்கும் திருட்டுக்கும் பயம் என்றால் கம்பி வலை போதும். அந்தப் பணத்தில், இரண்டு ஓட்டுச் சரிவுகள் சேரும் கூடல்வாய்களைப் பிரித்துத் தகடு மாற்றலாம். பழைய ஓட்டு வீட்டில் ஒழுக்கு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

பருவநிலை மாற்றமா என்று கேட்டீர்கள். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவி தாங்கும், கொட்டும்போது அதற்கேற்பக் கொட்டும். ஆனால் விநாடிக்கு 3.1 லிட்டரோடு 7 சதவீதம் கூட்டிப் பாருங்கள்: 3.3. ஆறு லிட்டர் போக வேண்டிய குழாய்க்கு அது பொருட்டே இல்லை. உங்கள் வளவில் ஏறிய தண்ணீருக்கு வண்டலும் ரோடும்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். வானத்தை அப்புறம் விசாரிக்கலாம்.

அதற்காக வானத்தை விட்டுவிடவும் முடியாது. பக்கத்து மாவட்டத்தில், ராமேஸ்வரத்தில், 2024 நவம்பர் 20 அன்று 40 செ.மீ.க்கு மேல் பெய்தது, பெரும்பங்கு சில மணி நேரங்களில். காயல்பட்டினத்தில் 2023 டிசம்பர் 18 காலை வரையான ஒரே நாளில் 95 செ.மீ.; உங்கள் சிவகங்கை மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுவதும் கிடைப்பதே சராசரியாக 90 செ.மீ. அளவுதான். அப்படிப்பட்ட நாளில் குழாய்க் கணக்கு நிற்காது. அதற்கு இரண்டாவது வழி வேண்டும்: முற்றத் தரைக்கு நாலு இஞ்ச் மேலே, பின்கட்டுப் பக்கம், சல்லடை இல்லாத ஒரு வாய். சாதாரண நாளில் அது காய்ந்தே கிடக்கும், கிடக்கட்டும். பாம்பு, எலி வராமல் வெளிமுனையில் மேலிருந்து தொங்கும் தகரக் கதவு போதும். தண்ணீர் தள்ளினால் தானே திறக்கும்.

தெருவுக்கும் ஒரு கணக்கு உண்டு. உங்கள் ஊர்த் தெருக்கள் ஊரணியைப் பார்த்து வாட்டம் வைத்தவை. ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வரத்துக்கால் எங்கேயாவது மண்மூடிக் கிடந்தால் தெரு முழுவதும் வால் முழுகும். ஊராட்சிக்கு மனு எழுதும்போது அந்த டியூப் லெவல் எண்களைத் தெருவின் இரு முனையிலும் ஊரணி வாயிலும் எடுத்து இணையுங்கள். "தண்ணீர் தேங்குகிறது" என்ற வரியைவிட "சாக்கடை அடி இங்கே 5 இஞ்ச் உயர்ந்திருக்கிறது" என்ற வரிக்கு எஞ்சினியர் பதில் சொல்லியாக வேண்டும்.

ஐப்பசிக்குக் காத்திருக்காதீர்கள். ஆவணி, புரட்டாசியில் வெப்பச் சலனத்தால் சாயங்காலம் இடித்துப் பெய்யும் மழையும் அரை மணியில் 5 செ.மீ. கொட்டக்கூடியதுதான். ஆடிக்குள் குழாயை வாரிவிடுங்கள். சாவி வைத்திருப்பவரிடம் மாதம் ஒருமுறை மூடியைத் தூக்கி, நாலு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முற்றத்து நடுவில், வாயும் அடியும் ஒரே அகலமுள்ள ஒரு சம்படத்தையும் வைத்துவிட்டு வாருங்கள். ஓட்டு நீர் தெறிக்காத இடமாக இருக்கட்டும். பேய்மழை பெய்யும்போது கால் மணியில் அதில் 2.5 செ.மீ. சேர்ந்தால், அப்போது பெய்வது மணிக்கு 10 செ.மீ. வேகம். அடுத்த நாள் பேப்பரில் என்ன எண் வந்தாலும் குறித்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.